ஒலிவ எண்ணெயும் ஈரல் நலமும்

ஒலிவ எண்ணெய் என்பது மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் விளையும் ஒலிவப் பழத்தை அரைத்துப் பிழிந்தெடுக்கும் எண்ணெய். இலங்கை முஸ்லிம்கள் இதைச் சைத்தூன் எண்ணெய் என்பர். ஈரலில் கொழுப்புப் படியும் நோயைத் தணிக்க உதவும் உணவுக் கொழுப்புகளுள் ஒன்றாக இது ஆராயப்பட்டு வந்துள்ளது. வேறு கொழுப்புக்குப் பதிலாக அளவோடு பயன்படுத்தும்போது நன்மை தென்படுகிறது. வழக்கமான சாப்பாட்டுக்கு மேலதிகமாகச் சேர்த்தால் உடலில் கலோரிதான் கூடும்.

ஒலிவ மரம் மல்லிகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. கொழும்புத் தெருக்களில் உப்பும் மிளகாய்த் தூளும் சேர்த்து விற்கும் வெரளிக்காய்க்குச் 'சிலோன் ஒலிவ்' என்ற பெயர் உண்டு. எனினும் அது வேறொரு குடும்பத்து மரத்தின் காய். இந்த எண்ணெயோடு அதற்குத் தொடர்பில்லை.

மருந்திலிருந்து சமையலுக்கு

கி.பி. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயஸ்கோரிடீஸ் தம் மருந்துப் பொருள் நூலில் ஒலிவ எண்ணெயை விவரித்திருக்கிறார். பின்னாளில் பிரித்தானிய மருந்து நூலிலும் அது இடம்பெற்றது. உடம்பில் பூசவும் காதுக் குரும்பியை இளக்கவும் பாமசியில் வாங்கும் சிறு போத்தலாகவே இலங்கையர் பலர் அதை அறிந்திருந்தனர். இன்று பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை காலி வீதிக் கடைகளில் தேங்காய் எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் பக்கத்தில் அது சமையல் எண்ணெயாக விற்பனைக்கு இருக்கிறது.

போத்தல்களின் லேபல்கள் ஒரே பொருளைக் குறிப்பவை அல்ல. 'எக்ஸ்ட்ரா வேர்ஜின்' என்பது இரசாயனம் சேர்க்காமல், அதிகம் சூடாக்காமல் எடுத்தது. அதில் கட்டற்ற அமிலம் 0.8 வீதத்துக்கு மேற்படலாகாது. 'பியூர்', 'லைட்' எனப்படுபவை பெரும்பாலும் சுத்திகரித்த எண்ணெயோடு சிறிது வேர்ஜின் எண்ணெய் கலந்தவை. 'லைட்' என்பது நிறத்தையும் சுவையையுமே குறிக்கும். கலோரியில் குறைவு கிடையாது. 'பொமஸ்' என்பது பிழிந்த சக்கையிலிருந்து கரைப்பான் கொண்டு எடுப்பது. நல்ல எக்ஸ்ட்ரா வேர்ஜின் எண்ணெயை விழுங்கும்போது தொண்டையில் ஒரு காரம் உறைக்கும். ஒலியோகந்தால் என்ற பொலிபீனோல் அதற்குக் காரணம். சுத்திகரிப்பில் இத்தகைய பொலிபீனோல்கள் பெருமளவு நீங்கிவிடுகின்றன.

கொழுப்பு ஈரல் நோய்

ஆரோக்கியமான ஈரலில் கொழுப்பு மிகக் குறைவு. அது 5 வீதத்தைக் கடந்தால் கொழுப்பு ஈரல் எனக் கொள்ளப்படும். மது அருந்தாதவர்களின் ஈரலிலும் மதுவினால் உண்டாவது போன்ற அழற்சி ஏற்படுவதை மாயோ கிளினிக்கைச் சேர்ந்த லுட்விக் குழுவினர் 1980இல் விவரித்து, அதற்குப் பெயரிட்டனர். நீரிழிவு, உடற்பருமன் ஆகிய வளர்சிதைமாற்றக் கோளாறுகளோடு நோய்க்குள்ள உறவைக் காட்டும் புதிய பெயர் 2023இல் ஏற்கப்பட்டது. பெரும்பாலோருக்கு நோய் அறிகுறி காட்டுவதில்லை. வேறு காரணத்துக்கு எடுத்த ஸ்கானில்தான் தெரியவருகிறது. சிலரிடம் அது அழற்சி, தழும்பு, ஈரல் இறுக்கம் என முற்றுகிறது.

இலங்கையில் நோயின் பரவலை வெளிக்கொணர்ந்தது களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம், ஜப்பானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து 2007இல் தொடங்கிய ராகம சுகாதார ஆய்வு. கொழும்புக்கு வடக்கே, ராகம சுகாதார வைத்திய அதிகாரி பிரிவில், வாக்காளர் பட்டியலிலிருந்து தெரிந்தெடுத்த 35 முதல் 64 வயது வரையிலான 2985 பேர் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களில் 32.6 வீதத்தினருக்கு மதுசாராத கொழுப்பு ஈரல் இருந்தது. ஏறக்குறைய மூவரில் ஒருவர். தொடக்கத்தில் நோய் இல்லாதிருந்தவர்களை ஏழு ஆண்டுகளின் பின் பரிசோதித்தபோது, பத்தில் நால்வருக்கு மேற்பட்டோரிடம் அது தோன்றியிருந்தது. தெற்காசியர் பார்வைக்கு மெலிந்திருந்தாலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்வது சாதாரணம். அதனால் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் இடுப்புச் சுற்றளவே எச்சரிக்கை எல்லையாகக் கொள்ளப்படுகிறது.

செயற்படும் விதம்

ஒலிவ எண்ணெயில் 55 முதல் 83 வீதம் வரை ஒலெயிக் அமிலம் என்ற ஒற்றை நிறைவுறாக் கொழுப்பமிலம் உண்டு. தேங்காய் எண்ணெயில் சுமார் 90 வீதம் நிறைவுற்ற கொழுப்பு. அதில் ஏறத்தாழப் பாதி லோரிக் அமிலம். ஈரல் உயிரணு ஒலெயிக் அமிலத்தைப் பாதிப்பின்றிச் சேமித்து வைக்கவும் வெளியனுப்பவும் வல்லது. நிறைவுற்ற கொழுப்பமிலங்கள் மிகும்போது செராமைட் போன்ற பொருள்கள் பெருகி, இன்சுலின் சரிவரச் செயற்படாமற் போகிறது. ஹைட்ரொக்சிடைரொசோல் முதலிய பொலிபீனோல்கள் ஒட்சியேற்றச் சிதைவையும் அழற்சியையும் குறைப்பதாக விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன.

ஹெல்சிங்கியில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு இந்த வேறுபாட்டை மனிதரில் காட்டியது. அதிக எடையுள்ள 38 பேருக்கு மூன்று வாரம் நாளொன்றுக்கு 1000 கலோரி கூடுதலாகக் கொடுக்கப்பட்டது. நிறைவுற்ற கொழுப்பு உண்டவர்களின் ஈரற் கொழுப்பு 55 வீதமும், சீனி வகைகள் உண்டவர்களுடையது 33 வீதமும், நிறைவுறாக் கொழுப்பு உண்டவர்களுடையது 15 வீதமும் உயர்ந்தன. நல்ல கொழுப்பும் மிகையானால் ஈரலில் படியும் என்பதும் இதனால் தெளிவாயிற்று.

பரிசோதனைகள்

ஒலிவ எண்ணெயின் புகழ், அன்செல் கீஸ் 1958இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்விலிருந்து இதய நலத்தோடு வளர்ந்தது. ஈரலுக்கான சான்றுகள் பிந்தியவை. மெல்பேணில் 12 பேரைக் கொண்டு செய்து 2013இல் வெளியான ஆய்வில், ஒலிவ எண்ணெயை முதன்மைக் கொழுப்பாகக் கொண்ட ஆறு வார மத்தியதரை உணவு, எடை குறையாமலே ஈரற் கொழுப்பை 39 வீதம் குறைத்தது. கொழுப்புக் குறைந்த உணவு 7 வீதமே குறைத்தது. ஸ்பெயினின் பிரெடிமெட் ஆய்வில் ஈரல் பரிசோதிக்கப்பட்ட 100 பேரில், ஒலிவ எண்ணெயோடு மத்தியதரை உணவு உண்ட பிரிவில் 8.8 வீதத்தினருக்கே கொழுப்பு ஈரல் இருந்தது. ஒப்பிடப்பட்ட மற்ற இரு உணவுப் பிரிவுகளிலும் அது 33.3 வீதம்.

இலங்கைத் தமிழரின் உணவுக்கு இவற்றைவிட நெருக்கமானது புது டில்லியில் நடந்து 2014இல் வெளியான ஆய்வு. கொழுப்பு ஈரல் உள்ள 93 ஆண்கள் ஆறு மாதம் நாளொன்றுக்கு 20 கிராம் ஒலிவ எண்ணெயிலோ கனோலா எண்ணெயிலோ வழக்கமான எண்ணெயிலோ சமைத்து உண்டனர். முதலிரு பிரிவுகளிலும் ஈரற் கொழுப்பின் தரநிலை குறைந்தது. இன்சுலின் செயற்பாடும் சீரடைந்தது. ஆகவே அங்கு கண்ட நன்மை ஒலிவ எண்ணெய்க்கு மட்டும் உரியதன்று.

ஈரல் கழுவுதல்

ஒலிவ எண்ணெயையும் தேசிக்காய்ச் சாற்றையும் பெருமளவில் குடித்தால் ஈரலும் பித்தப்பையும் சுத்தமாகும், கற்கள் வெளியேறும் என்ற நம்பிக்கை தவறானது. 600 மில்லிலீற்றர் எண்ணெயும் 300 மில்லிலீற்றர் சாறும் குடித்த ஒரு பெண்ணிடமிருந்து வெளியேறிய மென்மையான பச்சை உருண்டைகள் 2005இல் நியூசிலாந்தில் ஆராயப்பட்டன. அவை கற்கள் அல்ல. அந்த எண்ணெயே குடலில் மாறி உண்டான சவர்க்காரக் கட்டிகள். உண்மையில் பித்தக்கல் உள்ளவருக்கு இவ்வளவு கொழுப்பு பித்தப்பையைச் சுருங்கச் செய்து கடும் வலியைக் கிளப்பக்கூடும்.

பயன்படுத்தும் முறை

ஒரு மேசைக்கரண்டி ஒலிவ எண்ணெயில் சுமார் 120 கலோரி உண்டு. தேங்காய் எண்ணெயிலும் அதே அளவுதான். ஆதலால் தாளிதத்துக்கும் கறிக்கும் ஊற்றும் எண்ணெயை மாற்றுவதே பொருத்தம். இரண்டையும் சேர்த்து ஊற்றுவதாலோ காலையில் வெறும் வயிற்றில் தனியே குடிப்பதாலோ தனி நன்மை இல்லை. பொரித்த பலகாரம், சீனித் தேநீர், குளிர்பானம், மிகுதியான வெள்ளைச் சோறு ஆகியவை தொடர்ந்தால் எண்ணெய் மாற்றம் ஈடுசெய்யாது. உடல் எடையில் 7 முதல் 10 வீதத்தைக் குறைப்பதும் நாளாந்த நடையுமே இந்நோய்க்கான அடிப்படைச் சிகிச்சை. இறக்குமதிப் பொருளான ஒலிவ எண்ணெயின் விலை தாங்காத வீடுகளில், நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த நல்லெண்ணெயையோ கடலை எண்ணெயையோ குறைந்த அளவில் பயன்படுத்தி, தேங்காய் எண்ணெயில் பொரிப்பதைக் குறைப்பது அதே திசையில் எடுக்கும் நல்ல நடவடிக்கையாகும்.