கொரலேன்கோ: நாவற்றோர்க்கு நாவான எழுத்தாளர்

ரஷ்ய இலக்கியம் என்றவுடன் டால்ஸ்டாய், செக்காவ், கார்க்கி ஆகியோரின் பெயர்களே நம் நினைவுக்கு முதலில் வருகின்றன. அவர்கள் காலத்தில் அவர்களோடு ஒருங்கு வைத்து மதிக்கப்பெற்ற விளாதிமீர் கொரலேன்கோவை நாம் அவ்வளவாக அறிவதில்லை. 'கண் தெரியாத இசைஞன்' என்னும் அவருடைய குறுநாவலைத் தமிழில் படித்தோர் நம்மிடையே சிலர் இருக்கலாம். ஆனால் அதனை எழுதிய கை, பல ஆண்டுகள் கதைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, வழக்கு விவரங்களையும் பஞ்சக் கணக்குகளையும் எழுதிக்கொண்டிருந்தது. ஒரு கலைஞன் தன் காலத்தை இவ்வாறு செலவிட்டது வீணா என்பதே இன்று நாம் ஆராய விரும்பும் கேள்வி.

கொரலேன்கோ 1853-இல், அன்றைய ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த உக்ரேனிய நகரமான ழித்தோமிரில் பிறந்தார். தந்தை உக்ரேனியர், கைக்கூலி வாங்காத நீதிபதி என்று பெயர் பெற்றவர். தாய் போலந்து இனத்தவர். கல்வியோ ரஷ்ய மொழியில். ஆகவே, மும்மொழிகளுக்கிடையே வளர்ந்த பிள்ளை அவர். தந்தை 1868-இல் இறந்தபோது, நேர்மையைத் தவிர வேறு சொத்து எதுவும் குடும்பத்துக்கு மிஞ்சவில்லை.

மாஸ்கோவில் வேளாண்மைக் கல்லூரியில் பயின்றபோது, மாணவர்களின் கூட்டு விண்ணப்பத்தில் பங்கு கொண்டதற்காக 1876-இல் வெளியேற்றப்பட்டார். அதன்பின் சிறையும் நாடு கடத்தலும் தொடர்ந்தன. 1881-இல் இரண்டாம் அலெக்சாந்தர் கொலையுண்டதும், புதிய ஜார் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்யுமாறு அவரிடம் கேட்டனர். தம் மனச்சான்று இடந்தராது என்று அவர் எழுத்து மூலமாகவே மறுத்தார். அதன் பயனாகச் சைபீரியாவின் யாக்குத்ஸ்க் பகுதியிலுள்ள ஆம்கா என்னும் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டார். அங்கே 1884 வரை நிலத்தை உழுதும் காலணி தைத்தும் பிழைத்தார்.

அந்தப் பனிக்காட்டில்தான் அவருடைய இலக்கியம் உருப்பெற்றது. 1885-இல் வெளிவந்த 'மகாரின் கனவு' என்னும் கதையில், வாழ்நாளெல்லாம் வாய் திறவாத ஏழைக் குடியானவன் ஒருவன், தான் இறந்து தெய்வத்தின் தராசுக்கு முன்னே நிற்பதாகக் கனவு காண்கிறான். அவன் பாவத்தட்டு தாழ்கிறது. அப்போது, இதுவரை இல்லாத பேச்சு அவனுக்கு எங்கிருந்தோ பிறக்கிறது. அவன் தன் துன்பங்களைச் சொல்லச் சொல்லத் தராசு அசைகிறது. கொரலேன்கோவின் வாழ்க்கை முழுமைக்கும் இக்கதையை ஒரு முன்னுரை எனலாம்.

1893-இல் அவர் சிகாகோ நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சிக்குச் சென்று வந்தார். அப்பயணத்தின் விளைவாகப் பிறந்த நெடுங்கதை 'மொழியின்றி' என்பது. அமெரிக்காவுக்குச் சென்ற குடியானவன் ஒருவன், மரியாதை காட்ட எண்ணிப் போலீஸ்காரனின் கையை முத்தமிடக் குனிகிறான். அதைத் தாக்குதலாகக் கருதிய போலீஸ்காரன் தடியால் அடிக்கிறான். மறுநாள் பத்திரிகைகள் அவனைக் காட்டுமிராண்டி என்கின்றன. பாஷை தெரியாத ஊரில் இறங்கிய முதல் நாளை நினைவில் வைத்திருக்கும் நம்மில் எவரும் இக்கதையைப் பிறர் கதையாகப் படிக்க இயலாது.

கதையில் கண்ட இந்த நிலையை அவர் நீதிமன்றத்தில் நேரிலும் கண்டார். 1892-இல் வியாத்கா மாகாணத்தின் பழைய முல்தான் என்னும் சிற்றூருக்கு அருகே, தலையற்ற பிச்சைக்காரன் ஒருவனின் உடல் கிடந்தது. அவ்வூர் உத்மூர்த் மக்கள் தங்கள் தெய்வங்களுக்கு நரபலி கொடுத்தனர் என்று அரசாங்கம் குற்றஞ்சாட்டியது. குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் ரஷ்ய மொழியை நன்கறியாத ஏழை உழவர்கள். எழுவர் தண்டனை பெற்றனர். மேல்மன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. 1895-இல் எலபூகா நகரில் நடந்த மறுவிசாரணையைக் காணச் சென்ற கொரலேன்கோ, வேறு இரு பத்திரிகையாளர்களோடு சேர்ந்து, அங்குப் பேசப்பட்டவற்றை ஏறத்தாழ ஒரு சொல்லும் விடாமல் எழுதி வெளியிட்டார். மீண்டும் எழுவருக்கும் தண்டனை கிடைத்தது; மீண்டும் மேல்மன்றம் அதனை நீக்கியது.

1896-இல் மமதீஷ் நகரில் நடந்த மூன்றாவது விசாரணையில், வழக்கறிஞரல்லாத கொரலேன்கோ தாமே எதிர்வாதம் புரிவோருள் ஒருவராக நின்றார். ஜூரர்கள் எழுவரையும் விடுதலை செய்தனர். அந்நாட்களில்தான், தொலைவில் இருந்த அவருடைய சிறு மகள் நோயுற்று இறந்தாள். எழுவர் வீடு திரும்பினர்; அவர் வீட்டிலோ ஒரு தொட்டில் வெறுமையாயிற்று.

இதன் பின்னும் அவர் ஓயவில்லை. கார்க்கி அகாதமி உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதை ஜாரின் அதிருப்தி காரணமாக ரத்துச் செய்தபோது, 1902-இல் அவரும் செக்காவும் தங்கள் உறுப்பினர் பதவியைத் துறந்தனர். 1905-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் இராணுவ நீதிமன்றங்கள் விதித்த தூக்குத் தண்டனைகளைக் கண்டித்து 1910-இல் அவர் எழுதிய கட்டுரைகள் டால்ஸ்டாயின் உள்ளத்தை உருக்கின. 1913-இல், மதச் சடங்குக்காகச் சிறுவனைக் கொன்றதாகப் பெய்லிஸ் என்ற யூதர் மீது கீவ் நகரில் வழக்கு நடந்தது. உடல் நலமின்றியும் கொரலேன்கோ அங்குச் சென்று, அப்பழியின் பொய்ம்மையை எழுதினார். பெய்லிஸ் விடுதலையானார்.

ஜாராட்சி 1917-இல் வீழ்ந்தது. எந்தக் கட்சியிலும் சேராத இச்சோஷலிஸ்டு அதற்காக மகிழ்ந்தார். ஆனால் உள்நாட்டுப் போரில் அவர் வாழ்ந்த பொல்தாவா நகரம் கைமாறிக்கொண்டே இருந்தது. எப்படை வந்தாலும் அப்படையின் தலைவர்களிடம் சென்று, விசாரணையின்றி எவரையும் கொல்லாதீர் என்று மன்றாடுவதே முதியவரின் பணியாயிற்று. 1920-இல் சோவியத் கல்வி அமைச்சர் லுனசார்ஸ்கி அங்கு வந்தபோது, கைதிகளின் உயிருக்காக அவரிடம் வேண்டினார். அவர்கள் ஏற்கெனவே சுடப்பட்டுவிட்டனர் என்ற செய்தியே விடையாக வந்தது. அதன்பின் லுனசார்ஸ்கிக்கு ஆறு கடிதங்கள் எழுதினார். விசாரணையற்ற கொலைகளையும் பேச்சுரிமைப் பறிப்பையும் அவை தயங்காமல் கண்டித்தன. பதில் வரவில்லை. 1921 டிசம்பரில் கொரலேன்கோ காலமானார். அடுத்த ஆண்டு பாரிஸில் வெளியான அக்கடிதங்கள், அவர் தாய்நாட்டில் 1988-இல்தான் அச்சேறின.

அவருடைய நீண்ட சுயசரிதையான 'என் சமகாலத்தவனின் வரலாறு' சைபீரிய வாசத்தின் முடிவோடு நின்றுவிட்டது. மிகுதியை எழுத வேண்டிய நாட்களை முல்தானும் கீவும் பொல்தாவாவும் எடுத்துக்கொண்டன. இலக்கியத்திற்கு அது இழப்பே. அதனை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும், மமதீஷிலிருந்து தம் ஊர் திரும்பிய அந்த ஏழு உழவர்களிடம் இக்கேள்வியைக் கேட்டிருந்தால், அந்நாட்கள் வீணாயின என்று அவர்கள் கூறியிருப்பார்களா?