பிள்ளையின் தொலைபேசிக்குள் அம்மாவின் வதிவிட உரிமை

கடந்த ஆண்டு ஓர் அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். வயது 68. வரிக்கணக்கு எதுவும் அவருக்கு இல்லை. "தம்பி, நீங்கள் கொம்பியூட்டர் பார்க்கிற ஆள்தானே" என்று கேட்டுத்தான் வந்தார். வாடகைக்கு ஓர் அறை பார்த்திருக்கிறார். வீட்டு முகவர் 'பகிர்வுக் குறியீடு' கேட்டிருக்கிறார். அகதியாக வந்து, நிரந்தர வதிவிட உரிமை பெற்று, இருபது வருடங்களுக்கு மேல் லண்டனில் வேலை செய்தவர் அவர். கையில் இருந்த வதிவிட அட்டை 2024 டிசம்பர் 31 உடன் காலாவதியாகிவிட்டது. அதற்குப் பதிலான இலத்திரனியல் விசாக் கணக்கை மகன் தன்னுடைய தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துத் திறந்திருந்தார். பிறகு மகன் ரொறன்ரோவுக்குக் குடிபெயர்ந்தார். அந்த இலக்கமும் போய்விட்டது. கணக்குக்கென்றே தொடங்கிய மின்னஞ்சலின் கடவுச்சொல் ஒருவருக்கும் நினைவில்லை. உரிமை இருந்தது, அதைக் காட்ட வழி இல்லை. சரிசெய்ய ஐந்து வாரம் பிடித்தது. அறை வேறொருவருக்குப் போய்விட்டது.

டிஜிட்டல் இடைவெளி என்றால் கணினி இல்லாத வீடு, இணையம் போகாத கிராமம் என்றுதான் பலர் நினைக்கிறோம். அந்த அம்மாவின் வீட்டில் இணையம் இருந்தது, படித்த பிள்ளையும் இருந்தது. எந்தக் கணக்கெடுப்பிலும் அவர் 'இணைக்கப்பட்டவர்' என்றே பதிவாகியிருப்பார்.

பிரித்தானிய அரசு 2012 நவம்பரில் தன் டிஜிட்டல் மூலோபாயத்தை வெளியிட்டது. அரசசேவைகள் இனி முதலில் இணையத்தில்தான், முடியாதவர்களுக்கு உதவி வழங்கப்படும் என்பது அதன் சாரம். முதற்பாதி வேகமாக நடந்தது. இரண்டாம் பாதி பின்தங்கியது. டிஜிட்டல் உள்ளடக்கத்துக்கான மூலோபாயம் 2014இல் வந்தது. அடுத்த செயற்திட்டம் வர 2025 பெப்ரவரி ஆயிற்று. இடையில் 2023 ஜூனில் பிரபுக்கள் சபைக் குழு ஒன்று இந்த இடைவெளியைக் கடுமையாகக் கண்டித்தது. 17 இலட்சம் வீடுகளில் இணைய வசதியே இல்லை என்றும், 24 இலட்சம் பேருக்கு இணையத்துக்குள் நுழையத் தேவையான அடிப்படை வேலைகளில் ஒன்றைக்கூடச் செய்யத் தெரியாது என்றும் அந்த அறிக்கை சொன்னது.

யூனிவேர்சல் கிரெடிட் கொடுப்பனவில் இதன் விளைவு முதலில் தெரிந்தது. 2013இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் விண்ணப்பம், வேலை தேடிய பதிவு, அதிகாரியுடன் பேச்சு எல்லாமே இணையக் கணக்கு ஒன்றுக்குள் நடக்கும். பொறுப்பான திணைக்களமே 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, உதவியின்றி இணையத்தில் பதிவு செய்ய முடிந்தவர்கள் 54 வீதம்தான். அதே ஆண்டு நவம்பரில் ஐ.நா.வின் வறுமை தொடர்பான விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன் இங்கு வந்து ஆராய்ந்தபோது இந்த 'டிஜிட்டல் நலன்புரி அரசை' நேரடியாகவே விமர்சித்தார். இணையத்தால் முடியாதவர் தொலைபேசியில் விண்ணப்பிக்கலாம், தமிழ் மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். ஆனால் அரச இணையத்தளங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் வேல்ஸ் மொழியிலும்தான் இருக்கின்றன. மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம் என்ற தகவலையும் அங்கே ஆங்கிலத்தில்தான் வாசித்து அறிய வேண்டும்.

எங்கள் சமூகத்துக்கு மிகப் பெரிய விடயம் இலத்திரனியல் விசாதான். பிரித்தானியக் கடவுச்சீட்டு எடுத்தவர்களுக்குக் கவலையில்லை. மற்றவர்களுக்கு, வேலைக்குச் சேரவும் இங்கிலாந்தில் வாடகைக்கு வீடு எடுக்கவும் உரிமையைக் காட்டும் வழி இப்போது பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான். உள்ளே போக, பதிவான தொலைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோ ஒரு குறியீடு வரும். அதைக் கொடுத்து உள்ளே போனால், 90 நாட்கள் செல்லுபடியாகும் பகிர்வுக் குறியீட்டை எடுக்கலாம். பயண ஆவணத்தைப் புதுப்பித்தால் அந்தப் புது இலக்கத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இதை மறந்துவிட்டு விமான நிலையத்தில் நின்று விளங்கப்படுத்தவேண்டி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. 80களிலும் 90களிலும் வந்து, பழைய கடவுச்சீட்டில் மையால் குத்திய முத்திரையோடு நிரந்தர வதிவிடம் பெற்றவர்கள். அந்த முத்திரை இன்றும் செல்லும், உரிமை பறிபோகவில்லை. ஆனால் காலாவதியான கடவுச்சீட்டில் இருக்கும் முத்திரையை வேலை கொடுப்பவர் ஆதாரமாக ஏற்க முடியாது. அதை இலத்திரனியல் விசாவாக மாற்றக் கட்டணம் இல்லை. விண்ணப்பம் மட்டும் இணையத்தில்! உரிமை இருந்தும் கடதாசி இல்லாத கரிபியன் முதியவர்கள் வேலையையும் வீட்டையும் இழந்த விண்ட்ரஷ் விவகாரம் வெளிவந்தது 2018இல்தான். அதை இந்த நாடு அதற்குள் மறந்திருக்காது என்று நம்புகிறேன்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். வற் வரிக்கு டிஜிட்டல் பதிவு 2019 ஏப்ரலில் பெரியவர்களுக்கும், 2022 ஏப்ரலில் பதிவு செய்த எல்லோருக்கும் கட்டாயமானது. வருமான வரியில் 2026 ஏப்ரல் 6 முதல் சுயதொழிலும் வீட்டு வாடகையும் சேர்ந்து 50,000 பவுணுக்கு மேல் உள்ளவர்களுக்கு இது கட்டாயம். எல்லை 2027இல் 30,000 ஆகவும் 2028இல் 20,000 ஆகவும் இறங்கும். கணக்கை மென்பொருளில் வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும். இங்கே பலர் தவறுவது ஓர் இடத்தில்: எல்லை இலாபத்தில் பார்க்கப்படுவதில்லை, செலவு கழிக்க முன் வந்த மொத்தத் தொகையில். ராக்ஸி ஓட்டி 38,000 பவுணும், பழைய வீட்டின் வாடகையில் 14,000 பவுணும் எடுப்பவர், பெற்றோலும் வங்கி வட்டியும் போக மிச்சம் எவ்வளவென்றாலும், கணக்கில் 52,000 பவுண் உள்ளவர்தான்.

இதற்கும் விலக்கு உண்டு. வயது, இயலாமை, இருக்கும் இடம், மத நம்பிக்கை போன்ற காரணங்களால் டிஜிட்டல் கருவிகளைப் பயன்படுத்த இயலாதவர் தொலைபேசியிலோ கடிதத்திலோ விலக்குக் கேட்கலாம். மென்பொருள் பழக்கமில்லை, செலவு அதிகம், இவ்வளவு காலமும் கடதாசியில்தான் கொடுத்தேன் என்பவை மட்டும் போதாது. எனவே கடிதத்தில் கண்பார்வை, கைநடுக்கம், மறதி, மருத்துவர் சொன்னது எல்லாவற்றையும் விபரமாக எழுத வேண்டும். எங்கள் ஆட்கள் இதை எழுத வெட்கப்படுகிறார்கள். "மகன் செய்துதருவான், ஏன் வீணாகச் சொல்லுவான்" என்பார்கள். மகன் செய்துதருவது உண்மைதான். ஆனால் அப்பாவால் முடியாது என்பது எந்த அலுவலகத்திலும் பதிவாகாமலே போய்விடுகிறது. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், வயதும் இயலாமையும் உள்ளவர்களைக் கருத்தில் எடுத்துச் சேவைகளை வகுக்கும் கடமையை அரச அமைப்புகளுக்கு விதிக்கிறது. கேட்பவர்கள் குறைந்தால் தேவையும் குறைவு என்றே அவை எண்ணும்.

வேறொன்றையும் சொல்லவேண்டும், சிலருக்குக் கோபம் வரலாம். ஒருவருடைய கொடுப்பனவும் வரியும் வதிவிட உரிமையும் இன்னொருவரின் தொலைபேசிக்குள் இருக்கும்போது, குடும்பத்தில் அதிகாரம் இடம் மாறுகிறது. தன் பெயரில் என்ன வருகிறது, எங்கே போகிறது என்று தெரியாத தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் கெட்டவர்கள் என்பதல்ல. கேட்டால் "உங்களுக்கு விளங்காது, விடுங்கோ" என்ற பதில் வரும். அதற்குப் பிறகு அவர்கள் கேட்பதில்லை.

டென்மார்க்கில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரச கடிதங்கள் 2014 நவம்பர் முதல் இணையத்தில்தான் வருகின்றன. முடியாதவர்களுக்கு அங்கே விலக்கு உண்டு. அதோடு தன் அஞ்சல் பெட்டியை வாசிக்கும் அனுமதியை மகளுக்கோ மகனுக்கோ முறைப்படி கொடுக்கவும், வேண்டாதபோது திரும்ப எடுக்கவும் முடியும். பிரித்தானியாவிலும் இதற்கு ஒப்பான வழிகள் இருக்கின்றன. வரித் திணைக்களத்தில் நம்பிக்கையான உதவியாளரைப் பதியலாம். இலத்திரனியல் விசாவுக்கும் உதவியாளரை நியமிக்கலாம். கடவுச்சொல்லைக் கையளிப்பதும் உதவியாளரை நியமிப்பதும் ஒன்றல்ல. இரண்டாவதில் கணக்கு உங்களுடையதாகவே இருக்கும்.

பென்சன் கிரெடிட்டோ யூனிவேர்சல் கிரெடிட்டோ எடுப்பவர்களுக்குப் பல நிறுவனங்கள் மாதம் 20 பவுண் அளவில் சலுகை இணைய இணைப்புத் தருகின்றன. தாமாக முன்வந்து சொல்ல மாட்டார்கள், கேட்க வேண்டும்.

கணக்குகளில் எந்த இலக்கம் பதிவாகியிருக்கிறது என்று வீட்டில் பாருங்கள். குறியீடு குறுஞ்செய்தியாக வருவதற்குத் திறன்பேசி தேவையில்லை; பொத்தான் போனே போதும். அந்த அம்மாவிடம் இப்போது அப்படி ஒன்று இருக்கிறது. இலக்கத்தைத் தன் கையாலே கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார். வேறு அறையும் கிடைத்துவிட்டது, பழையதைவிட வாடகை 60 பவுண் கூட.