மின்வேலை ஒப்பந்தகாரருக்குச் சங்கம் எதற்கு?

விம்பிள்டன் பிள்ளையார் கோயிலைச் சுற்றியுள்ள எம்மவரில் சிலர் வயரிங் வேலை பழகி, இன்று சொந்தமாக ஒப்பந்தம் எடுக்கின்றனர். தொழிற்சங்கம் முதலாளிக்கு எதிரி என்றே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். இங்கு மின்வேலைத் துறையில் நடப்பு வேறு. ஒப்பந்தகாரர் சங்கமான ஈ.சி.ஏ.யும் மின்தொழிலாளர் சங்கமும் சேர்ந்து 1968 இல் ஜே.ஐ.பி. என்ற கூட்டுச்சபையை நிறுவின. தொழிலாளர் பக்கத்தில் இப்போது யுனைட். மணித்தியாலச் சம்பளம், தரம், லீவு, பிணக்கு எல்லாம் அங்கேயே பேசப்படுகின்றன. ஐந்து பேரை வைத்திருப்பவர் ஆளுக்கொரு பேரம் பேசத் தேவையில்லை.

சிறியவர்களை வீழ்த்துவது சம்பளமல்ல, காசு வந்து சேராமைதான். வேலை முடிந்தும் பிரதான ஒப்பந்தகாரர் ஒரு பங்கைப் பிடித்து வைப்பார். 2018 ஜனவரியில் கரிலியன் முறிந்தபோது அப்படிப் பிடித்த பணத்தையும் பலர் இழந்தனர். அதைத் தனியாகக் காக்கச் சட்டம் வேண்டுமென ஈ.சி.ஏ. வாதாடியது. கையெழுத்திடுமுன் உறுப்பினர் அதன் ஆலோசனையைக் கேட்கலாம். நாமோ பெரும்பாலும் கையெழுத்திட்ட பிறகே தெரிந்தவரைத் தேடுகிறோம்.