சாக்கடை வழியே வந்த சங்கீதம்

1881ஆம் ஆண்டு, பாரீஸ். சர்வதேச மின்சாரக் கண்காட்சி நடந்த மாளிகையில், சில அறைகளின் வாசலில் மட்டும் மாலை நேரத்தில் கூட்டம் முண்டியடித்தது. உள்ளே மேடையும் இல்லை, பாடகரும் இல்லை. சுவரில் தொங்கிய இரண்டு காதுக்குழல்களை எடுத்து ஆளுக்குச் சில நிமிடம் காதில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். கேட்டது, சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி ஓபரா அரங்கில் அந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்த கச்சேரி. கம்பிகள் வந்த பாதை பாரீஸின் பாதாளச் சாக்கடை.

ஏற்பாடு கிளெமாங் ஆதேர் என்ற பொறியாளருடையது. மேடையின் முன்விளிம்பில் இருபுறமும் ஒலிவாங்கிகளை வைத்தார். நடனக்காரர்கள் காலடி வைக்கும் அதிர்வு உள்ளே புகாதிருக்க அவற்றை ஈயக்கட்டைமேல் பொருத்தி, அடியில் ரப்பர் கால்களும் கொடுத்தார். இடப்பக்கத்து ஒலி ஒரு காதுக்கு, வலப்பக்கத்து ஒலி மறுகாதுக்கு. பாடகி மேடையில் நடந்தால் குரலும் கூடவே நடந்தது. ஸ்டீரியோ என்ற சொல் புழங்குவதற்கு வெகுகாலம் முன்பே ஸ்டீரியோ வந்துவிட்டது.

வேடிக்கை விரைவில் வியாபாரமானது. 1890இல் 'தியாத்ரோஃபோன்' நிறுவனம் பாரீஸில் கடை விரித்தது. ஹோட்டல்களில் இருந்த கருவியில் 50 சாந்தீம் காசு போட்டால் 5 நிமிடம் நாடகம். எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட் வீட்டுக்கே இணைப்பு வாங்கி, படுக்கையிலிருந்தபடி ஓபரா கேட்டார். 1893 பிப்ரவரியில் புடாபெஸ்டில் திவாதர் புஷ்காஷ் 'டெலிஃபோன் ஹீர்மோண்டோ'வைத் தொடங்கினார். பகலில் செய்தி, மாலையில் இசை என ஒரு வானொலி நிலையம் செய்யும் வேலையெல்லாம் கம்பியிலேயே நடந்தது. புஷ்காஷ் அடுத்த மாதமே இறந்துபோனார்.

இவையெல்லாம் ஊருக்குள். ஊர் தாண்டினால் கம்பி குரலை விழுங்கியது. நீண்ட கேபிளில் பக்கம் பக்கமாக ஓடும் இரு கம்பிகள் மின்னேற்றத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கீச்சு ஒலிகள் முதலில் தேயும். மறுமுனையில் எட்டுவது தலையணைக்குள்ளிருந்து பேசுவது போன்ற முனகல்தான். இங்கிலாந்தின் ஆலிவர் ஹெவிசைடு 1887இல் விசித்திரமான மருந்து சொன்னார்: கம்பியின் தூண்டலை, அதாவது மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் குணத்தை, கூட்ட வேண்டும். தூண்டல்தான் கோளாறுக்கே காரணம் என்று நம்பிய தபால் துறைப் பொறியாளர் வில்லியம் பிரீஸ் அதை ஏற்கவில்லை. ஹெவிசைடும் காப்புரிமை எடுக்கவில்லை. 1900இல், தூண்டலைக் கூட்ட வழியெங்கும் சீரான இடைவெளியில் கம்பிச்சுருள் வைக்கும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் மைக்கேல் பூப்பின். அதை விலைகொடுத்து வாங்கியது தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி.

பேச்சுக்கு உயிர் கொடுத்த அந்தச் சுருளே இசைக்கு எமனானது. பேச்சுக்குத் தேவையான அதிர்வெண் வரை தெளிவாக விட்டு, அதற்கு மேல் உள்ளதை அது வெட்டிவிடும். வயலினின் மினுமினுப்பும் தாளத்தட்டின் சிலுசிலுப்பும் அந்த வெட்டில் போய்விடும்.

அதனால் ஏடி அண்ட் டியின் பெல் ஆய்வுக்கூடம் வேறு வழி எடுத்தது. 1933 ஏப்ரல் 27 அன்று பிலடெல்ஃபியா இசைக்குழு தன் ஊரிலேயே வாசித்தது. சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி வாஷிங்டன் அரங்கில், ஆளே இல்லாத மேடையிலிருந்து இசை எழுந்தது. மூன்று தனித்தனி ஒலித்தடங்கள் உயர் அதிர்வெண் அலைகளில் ஏறி நிலத்தடிக் கேபிளில் வந்தன. வழியில் சோர்ந்த ஒலிக்குப் பெருக்கிகள் தெம்பூட்டின. பிலடெல்ஃபியாவில் கோலசைத்தவர் அலெக்சாண்டர் ஸ்மாலன்ஸ். குழுவின் நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கியோ வாஷிங்டனில் உட்கார்ந்து குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்தார்.

இன்று ஒலி எண்களாகி, பொட்டலம் பொட்டலமாகக் கணினி வலையில் ஓடுகிறது. சிட்னியில் 2006இல் தொடங்கிய ஆடினேட் நிறுவனத்தின் 'டான்டே' முறையில் ஒரே மெல்லிய கேபிள் நூற்றுக்கணக்கான தடங்களைச் சுமக்கும். தேய்மானக் கவலை போய், கடிகாரக் கவலை வந்திருக்கிறது: ஒவ்வொரு கருவியும் நொடிக்கு 48,000 மாதிரிகளை ஒரே கதியில் எண்ண வேண்டும். செம்பு ஈதர்நெட் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். அதற்கு மேல் நடுவே ஒரு ஸ்விட்ச் வேண்டும், இல்லையேல் கண்ணாடி இழைக்கு மாற வேண்டும். ஆதேர் சாக்கடை வழியே இழுத்த தூரம் அதைப்போல் இருபது மடங்கு.