நின்ற வண்டியும் சுழன்ற சில்லும்



துவிச்சக்கர வண்டி என்பது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நம்மைக் கொண்டு செல்லும் சாதனம் என்றே உலகம் கருதும். ஆயினும் ஓரடியேனும் நகராது, நின்ற இடத்தில் நின்றே பெரும்பணி புரிந்த வண்டிகளின் வரலாறு ஒன்று யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு உண்டு. அவ்வரலாற்றிலே நாம் அதிகம் எண்ணிப் பாராத உறுப்பு ரயர் ஆகும். அதனைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகின்றேன்.

காற்றடைத்த ரயரை மக்கள் வழக்கிற்குக் கொண்டுவந்தவர் ஜோன் டன்லொப். பெல்பாஸ்ற் நகரிலே கால்நடை மருத்துவராயிருந்த அவர், தம் மகனின் முச்சக்கர வண்டி குலுங்காது ஓடுவதற்கெனச் செய்து பார்த்த முயற்சிக்கு 1888 இல் உரிமம் பெற்றார். அதற்கு முன்னரே, 1876 இல், இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் முளைத்த பிறேசில் நாட்டு இறப்பர்க் கன்றுகள் இலங்கையின் ஹெனரத்கொடத் தோட்டத்தை வந்தடைந்திருந்தன. மழை மிகுந்த தென்மேற்கிலே இறப்பர் செழித்தது. பனை வளரும் வறண்ட குடாநாடோ, ரயரைக் கடையில் வாங்கியே வண்டி ஓட்டிற்று.

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டிற்கு மின்சாரம் நின்றது. எரிபொருளுக்கும் பற்றரிகளுக்கும் தடை வந்தது. பகலிலே வீதியெங்கும் துவிச்சக்கர வண்டிகளே ஓடின. இரவிலே ஜாம் போத்தல் விளக்குகள் எரிந்தன. ஆனால் செய்தி கேட்பதற்கு வழி என்ன? எங்கே குண்டு விழுந்தது, எந்தப் பாதை திறந்திருக்கிறது, பேச்சு நடக்குமா நடவாதா என்றறியாமல் ஒரு குடும்பம் எவ்வாறு உறங்கும்? இலண்டன் தமிழோசையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியும் காற்றிலே வந்துகொண்டுதானிருந்தன. அவற்றைப் பிடித்துத் தரும் பெட்டிக்கே உயிர் இல்லை.

அவ்வுயிரை அளித்தது துவிச்சக்கர வண்டியின் டைனமோ. வண்டியைத் தலைகீழாக நிறுத்தியோ, ஸ்ராண்டில் ஏற்றியோ, ஒருவர் மிதியைக் கையாற் சுற்றுவார். மற்றவர்கள் வானொலியைச் சூழ்ந்திருந்து கேட்பர். சுற்றுபவர் களைத்தால் செய்தியும் களைக்கும்.

இதன் கணக்கு வியப்பானது. பெரிய பற்சில்லிலே 48 பற்களும் பின்சில்லின் சிறிய பற்சில்லிலே 18 பற்களும் இருப்பின், மிதி ஒருமுறை சுற்ற, பின்சில்லு இரண்டரை முறைக்கு மேல் சுற்றும். 28 அங்குல ரயரின் பக்கத்தைத் தொட்டு நிற்கும் டைனமோவின் உருளை ஓரங்குல விட்டமுடையதாயின், கை ஒருமுறை சுற்றுவதற்குள் அது எழுபது முறை சுழன்றுவிடும். கிடைப்பது 6 வோல்ற்று, 3 வாற்று அளவே. அதுவும் திசை மாறிமாறிப் பாயும் மின்னோட்டம். அதனை ஒருதிசைப்படுத்த இருவாயிகளும், நடுக்கத்தைக் குறைக்க ஒரு கொள்ளளவியும் வேண்டும். பாடசாலையிலே படித்த பௌதிகம் அந்நாளிலே திண்ணைக்கு வந்தது.

இத்தனைக்கும் நடுவே இறப்பரும் இரும்பும் தொட்டுக்கொள்ளும் இடம் நெல்மணியளவே. அங்கே வழுக்கினால் எல்லாம் வீண். ஆகவே எந்த ரயர் ஏற்றது என்பது சிறிய வினாவன்று. வீதிக்கு வேண்டியது தரையிலே படும் பல். நின்ற வண்டிக்கோ அப்பல் வேண்டுவதில்லை. பக்கச்சுவர் வெடிப்பின்றி, மேடுபள்ளமின்றி இருத்தல் வேண்டும். காற்று நிறைந்திருத்தல் வேண்டும். குறைந்தால் பக்கம் நெளிந்து உருளை நழுவும். மண்ணெண்ணெய் படலாகாது, அது வழுக்கச் செய்வதோடு இறப்பரையும் ஊதச்செய்து கெடுக்கும். ஆகையினாலே, பல் தேய்ந்து வீதிக்கு உதவாத ரயரும், பக்கம் நன்றாயிருப்பின், வானொலிக்கு உதவும்.

ஆயின் வீட்டிற்கு ஒரே வண்டி என்றால்? இரவிலே செய்தி தந்த ரயரே விடிந்ததும் வைத்தியசாலைக்கும் சந்தைக்கும் போகவேண்டும். ரியூப்பிலே துளை விழுந்தால் ஒட்டுப் போடலாம். உருளை அராவிய பக்கச்சுவரை அவ்வளவு எளிதில் மீட்க இயலாது. செய்தியறிய விரும்பியவர் நாளைய பயணத்தின் ஒரு பங்கைச் செலவிட்டே அதனை அறிந்தனர். 1995 ஒக்ரோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, மூட்டைகளையும் முதியோரையும் சுமந்து சென்றவையும் இவ்வண்டிகளே.

இன்று உலகின் பல நாடுகளிலே, உடற்பயிற்சிக்காக வீட்டினுள்ளே வண்டியை நிறுத்தி மிதிப்பவர்கள் இதே வினாவை எழுப்புகின்றனர். அவர்களது பொறியிலே உருளை ரயரின் நடுப்பகுதியை அழுத்துகின்றது. அங்கே செலவாகும் வலு 3 வாற்று அன்று. நூறு, இருநூறு வாற்று. அதனால் ரயர் சூடேறி விரைவிலே தேய்கின்றது; பல் உள்ள ரயராயின் இரைச்சலும் மிகும். எனவே பல்லில்லாத மழமழப்பான ரயரையோ, இதற்கென்றே கடினமான இறப்பராற் செய்த ரயரையோ பூட்டுகின்றனர். அக்கடின ரயர் வீதியிலே, சிறப்பாக ஈரத்திலே, பிடிப்புத் தராது. ஆதலின் வெளியே புறப்படுமுன் அதனைக் கழற்றிவிடுவர்.

கழற்றி மாற்ற வேறொரு ரயர் இருப்பதே ஒரு செல்வம். அச்செல்வம் இல்லாத காலத்திலே, தேயும் ரயரையும் ஓயும் கையையும் கொண்டு உலகத்தோடு தொடர்பறாது வாழ்ந்தனர் நம் மக்கள். பொத்தானை அழுத்தியவுடன் குரல் கேட்கும் இந்நாளிலே, ஒவ்வொரு சொல்லுக்கும் சில்லைச் சுற்றிய அந்தக் கைகளை நாம் நினைவு கொள்வது தகும்.