காசர்கோடு மக்களவைத் தொகுதி: தேர்தல் வரலாறும் மொழிச் சிறுபான்மையும் (1957–2024)

1. முன்னுரை

மொழிவழி மாநிலங்கள் அமைந்த வரலாறு பெரும்பாலும் ஆணையங்களின் அறிக்கைகளையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணைகளையும் அடிப்படையாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. எல்லைப்புற மக்கள் தேர்தல்களில் எவ்வாறு வாக்களித்தனர் என்பது மொழியியலாரின் கவனத்தை அவ்வளவாகப் பெறவில்லை. கணக்கெடுப்பில் ஒருவர் தம் தாய்மொழியைத் தெரிவிக்கிறார். தேர்தலில் தமக்காக எவர் பேசவேண்டும் என்பதைத் தெரிவிக்கிறார். இவ்விரண்டும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.

கேரளத்தின் வட எல்லையில் அமைந்துள்ள காசர்கோடு மக்களவைத் தொகுதியின் வரலாற்றைக் கொண்டு இவ்விரண்டிற்கும் இடையே உள்ள உறவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மலையாளம், கன்னடம், துளு, கொங்கணி, மராத்தி, பியாரி, உருது என ஏழு மொழிகள் கூடும் நிலம் எனக் காசர்கோடு சிறப்பிக்கப்படுகிறது. கன்னடச் சிறுபான்மையின் அரசியல் இயக்கம் வலுவாக இருந்த காலத்தில் இத்தொகுதி மலையாளி ஒருவரையே மக்களவைக்கு அனுப்பியது. அவ்வியக்கம் தளர்ந்த பின்னரோ தொடர்ந்து நான்கு தேர்தல்களில் துளு, கன்னடப் பின்னணியுடையவர்கள் வென்றனர். முரண்போலத் தோன்றும் இந்நிலை விளக்கம் வேண்டி நிற்கிறது.

2. தொகுதியின் பின்புலம்

1956 நவம்பர் 1 வரை காசர்கோடு வட்டம் மதராஸ் மாநிலத்தின் தென் கன்னட மாவட்டத்தில் இருந்தது. மங்களூரே அதன் மாவட்டத் தலைநகர். பசல் அலி தலைமையில், எச். என். குன்சுரு, கே. எம். பணிக்கர் ஆகியோரை உறுப்பினர்களாகக் கொண்ட மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பரில் அளித்த அறிக்கையில், தென் கன்னட மாவட்டத்தின் பிற பகுதிகள் கர்நாடகப் பகுதியோடும் காசர்கோடு வட்டம் கேரளத்தோடும் சேரவேண்டும் எனப் பரிந்துரைத்தது. வட்டம் முழுவதையும் ஓர் அலகாகக் கொள்ளும்போது மலையாளம் பேசுவோரே பெரும்பான்மையினர் என்பது இதற்குக் காட்டப்பட்ட முதன்மையான காரணம்.

இவ்வலகைத்தான் கன்னடத் தரப்பினர் மறுத்தனர். வட்டத்தினூடே ஓடும் சந்திரகிரி ஆறு நெடுங்காலமாகவே துளு நாட்டின் தென் எல்லையாகக் கருதப்பட்டு வந்துள்ளது. கால்டுவெல்லும் தம் ஒப்பிலக்கண நூலில் துளு வழங்கும் நிலத்தைச் சந்திரகிரி, கல்யாணபுரி ஆறுகளுக்கு இடைப்பட்டதாகவே குறித்தார். ஆற்றின் வடபகுதியைத் தனியே எடுத்துக்கொண்டால் கணக்கு மாறும் என்பது கன்னடத் தரப்பின் வாதம்.

ஆயினும் அக்கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. வடபகுதியில் துளுவைத் தாய்மொழியாகக் கொண்டோர் பலர். அவர்கள் கல்வி கற்றதும் எழுதியதும் கன்னடத்தில். துளு தனித் திராவிட மொழி என்பதில் மொழியியலாரிடையே ஐயமில்லை. ஆனால் எல்லை வழக்கில் துளுவரைக் கன்னடரோடு கூட்டுவதா, தனியே நிறுத்துவதா என்பதைப் பொறுத்தே விடை அமைந்தது. தாய்மொழி வேறாகவும் எழுத்து மொழி வேறாகவும் உள்ள சமுதாயத்தை ஒற்றை மொழி அட்டவணையில் அடக்க முடியாது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

3. ஒரே வாக்காளர், இருவேறு முடிவுகள்: 1957–1967

கேரளம் அமைந்தபின் 1957இல் முதற் சட்டமன்றத் தேர்தலும் மக்களவைத் தேர்தலும் ஒருங்கே நடைபெற்றன. வட எல்லையிலுள்ள மஞ்சேசுவரம் சட்டமன்றத் தொகுதியில் எம். உமேஷ் ராவ் சுயேச்சையாகப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். எனவே மஞ்சேசுவரத்து வாக்காளர் சட்டமன்றத்திற்கு வாக்களிக்க வேண்டிய தேவையே எழவில்லை; அவர்கள் வாக்களித்தது மக்களவைக்கு மட்டுமே. மக்களவைத் தொகுதியில் வெற்றி பெற்றவர் பொதுவுடைமைக் கட்சியின் ஏ. கே. கோபாலன். கண்ணூர்ப் பகுதியைச் சேர்ந்த மலையாளியான இவர், 1952இல் மதராஸ் மாநிலத்திலிருந்த கண்ணனூர்த் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றவர். காசர்கோட்டில் 1962இலும், கட்சிப் பிளவிற்குப் பின் மார்க்சிஸ்டு கட்சியின் சார்பில் 1967இலும் அவரே வென்றார்.

இதே காலத்தில் மஞ்சேசுவரம் வேறு வழியில் சென்றது. காசர்கோட்டைக் கர்நாடகத்தோடு இணைக்கக் கோரிய கர்நாடக சமிதியின் கே. மகாபல பண்டாரி 1960, 1965, 1967 ஆகிய மூன்று தேர்தல்களிலும் அங்கு வெற்றி பெற்றார். கையார கிஞ்ஞண்ண ராய் போன்ற கன்னடக் கவிஞர்கள் இணைப்பு இயக்கத்தின் முன்னணியில் நின்ற காலம் அது.

1967ஆம் ஆண்டுத் தேர்தல் தனியே கருதத்தக்கது. சட்டமன்றத்திற்கும் மக்களவைக்கும் அவ்வாண்டு சேர்ந்தே தேர்தல் நடந்தது. சட்டமன்ற முடிவை நோக்குவோர் எல்லை மாறவேண்டும் என்னும் குரலைக் கேட்பர். மக்களவை முடிவை நோக்குவோர் அக்குரல் இருந்ததையே அறியமாட்டார். மக்கள் மனம் மாறியதாக இதற்குப் பொருள் கொள்ளல் ஆகாது. மக்களவைத் தொகுதி சந்திரகிரிக்குத் தெற்கே நெடுந்தூரம் பரந்து கிடந்தமையால் வடபகுதியின் தனித்தன்மை மொத்த எண்ணிக்கையில் கரைந்துவிட்டது. சீரமைப்பு ஆணையம் வட்டத்தை அலகாகக் கொண்டபோது நேர்ந்ததே இங்குத் தொகுதியை அலகாகக் கொண்டபோதும் நேர்ந்தது.

4. ராய்களின் காலம்: 1970–1991

1966 அக்டோபரில் அமைக்கப்பட்ட மகாஜன் ஆணையம் 1967 ஆகஸ்டில் அறிக்கை அளித்தது. சந்திரகிரி, பயசுவினி ஆறுகளுக்கு வடக்கேயுள்ள பகுதியை அன்றைய மைசூர் மாநிலத்தோடு சேர்க்க அது பரிந்துரைத்தது. அப்பரிந்துரை நடைமுறைக்கு வரவில்லை. தமக்குச் சார்பான அறிக்கை வெளிவந்த மூன்றே ஆண்டுகளில், 1970 சட்டமன்றத் தேர்தலில், மஞ்சேசுவரத்தை சமிதி இழந்தது. இந்தியப் பொதுவுடைமைக் கட்சியின் எம். ராமப்பா வென்றார், 1977இலும் அவரே வென்றார். 1980, 1982 தேர்தல்களில் அதே கட்சியின் ஏ. சுப்பாராவ் வெற்றி பெற்றார். இவர் 1980இல் அமைந்த நாயனார் அமைச்சரவையில் பாசன அமைச்சராகவும் இருந்தார். வடபகுதியின் பிரதிநிதி எல்லை இயக்கத்தின் பெயரால் அன்றிக் கட்சியின் பெயரால் திருவனந்தபுரத்திற்குச் செல்லும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

மக்களவைத் தொகுதியில் 1971இல் கோபாலன் பாலக்காட்டிற்குச் செல்ல, காங்கிரசின் இளைஞரான கடன்னப்பள்ளி ராமச்சந்திரன் ஈ. கே. நாயனாரைத் தோற்கடித்தார். 1977இலும் அவரே வெற்றி பெற்றார். 1980 முதல் வரும் பெயர்கள் நம் கவனத்திற்குரியவை. 1980இல் மார்க்சிஸ்டு கட்சியின் எம். ராமண்ண ராய், 1984இல் காங்கிரசின் ஐ. ராம ராய், 1989, 1991 தேர்தல்களில் மீண்டும் ராமண்ண ராய். ‘ராய்’ என்பது துளு நாட்டின் பண்ட் சமூகத்தாரிடையே வழங்கும் குடிப்பெயர். 1989இல் இவ்விருவருமே எதிரெதிரே நின்றனர். எவர் வென்றிருப்பினும் வெற்றி ஒரு ராய்க்கே உரியதாக இருந்திருக்கும்.

மலையாளிகள் பெரும்பான்மையினராக உள்ள தொகுதியில் இருபெருங் கட்சிகளும் வடபகுதியைச் சார்ந்தோரை நிறுத்தியமைக்கு ஒரு காரணத்தை ஊகிக்கலாம். எல்லைக் கோரிக்கை தேர்தல் களத்திலிருந்து விலகியதும் வடபகுதி வாக்குகள் இயக்கத்தின் பிடியிலிருந்து விடுபட்டன. தெற்கில் இரு அணிகளின் வலிமையும் ஏறத்தாழ நிலைபெற்றுவிட்ட சூழலில், வெற்றியை உறுதி செய்ய வடக்கின் வாக்குகள் இன்றியமையாதனவாயின. மொழியுணர்வு மறையவில்லை. தனிக் கட்சியாக நின்ற நிலையிலிருந்து, வேட்பாளரைத் தேர்வதில் கட்சிகள் கருதவேண்டிய கூறாக அது மாறியது.

5. 1996 முதல் 2024 வரை

1984 மே 24இல் காசர்கோடு தனி மாவட்டமாயிற்று. எனினும் மக்களவைத் தொகுதி மாவட்ட எல்லைக்குள் அடங்கவில்லை. 2008ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறைப்படி மஞ்சேசுவரம், காசர்கோடு, உதுமா, காஞ்ஞங்காடு, திருக்கரிப்பூர் ஆகியவற்றோடு கண்ணூர் மாவட்டத்துப் பையன்னூர், கல்யாச்சேரி ஆகிய இரண்டும் இதில் அடங்கும். இவ்வேழனுள் கன்னட, துளு மக்கள் செறிந்து வாழ்வன முதல் இரண்டே.

1996, 1998, 1999 தேர்தல்களில் டி. கோவிந்தனும், 2004, 2009, 2014 தேர்தல்களில் பி. கருணாகரனும் மார்க்சிஸ்டு கட்சியின் சார்பில் வென்றனர். 2014இல் வாக்கு வேறுபாடு 6,921 மட்டுமே. 1989 முதல் எட்டுத் தேர்தல்களில் ஒரே கட்சியிடம் இருந்த தொகுதியை 2019இல் காங்கிரசின் ராஜ்மோகன் உண்ணித்தான் 40,438 வாக்குகள் வேறுபாட்டில் கைப்பற்றினார். 2024இலும் அவரே வென்றார். 1991க்குப் பின் துளு, கன்னடப் பின்னணியுடைய எவரும் இத்தொகுதியின் மக்களவை உறுப்பினராகவில்லை. மஞ்சேசுவரத்திலோ 1987 முதல் முஸ்லிம் லீக்கிற்கும் பாரதிய ஜனதாவிற்கும் இடையிலான போட்டியே பெரும்பாலும் முதன்மை பெற்றது. சமிதியின் காலத்தில் மொழியால் பிரிந்த வாக்குகள் பின்னர் வேறு அடிப்படைகளில் பிரிந்தன.

6. பெயரும் எழுத்தும்

எல்லைக் கோரிக்கை தளர்ந்த இடத்தில் அதனினும் நுண்ணிய மொழிச் சிக்கல்கள் தோன்றின. மொழிபெயர்ப்பாளர்க்கு இவை மிகவும் தொடர்புடையவை.

முதலாவது, தொகுதிப் பெயர். 2008ஆம் ஆண்டு மறுவரையறைக்கு முன் காஞ்ஞங்காட்டுப் பகுதியின் சட்டமன்றத் தொகுதி ‘ஹொஸதுர்க’ என வழங்கியது. ‘புதிய கோட்டை’ என்பது இக்கன்னடப் பெயரின் பொருள். ‘ஹொஸ’ என்பது பழங்கன்னடப் ‘பொஸ’வின் திரிபு, தமிழ்ப் ‘புது’வோடு உறவுடையது. அவ்வூரிலேயே ‘புதியகோட்ட’ என்னும் மலையாளப் பெயரும் வழங்குகிறது. மறுவரையறையில் தொகுதிக்குக் காஞ்ஞங்காடு என்னும் பெயர் இடப்பட்டது. சட்டமன்றத் தொகுதிப் பட்டியலிலிருந்து ஒரு கன்னடப் பெயர் மறைந்தது. கன்னடர்க்கு ‘மஞ்சேஸ்வர’ என ஈறு மெய் பெறாது நிற்பது மலையாளத்தில் ‘மஞ்சேஸ்வரம்’ ஆகிறது. மொழியியலார்க்கு இது வெறும் ஈற்று வேறுபாடு. அவ்வூரார்க்கோ ஊர் யாருடையது என்பதன் அடையாளம்.

இரண்டாவது, வேட்பாளர் பெயர். வடபகுதியில் வேட்பாளர் பெயர்கள் மலையாளத்தோடு கன்னடத்திலும் அச்சிடப்படுகின்றன. 2016இல் மஞ்சேசுவரத்தில் கே. சுரேந்திரன் 89 வாக்குகளில் தோற்றார். அத்தேர்தலில் அவர் பெயருக்கு ஓசையால் நெருங்கிய பெயருடைய வேறொரு வேட்பாளர் 467 வாக்குகள் பெற்றிருந்தார். அவ்வாக்குகள் தவறுதலாக விழுந்தன என நிறுவ இயலாது. ஆயினும் இத்தகைய களத்தில் ஒரு பெயர் இருவேறு எழுத்துகளில் எவ்வாறு பெயர்க்கப்படுகிறது என்பது சிறிய செய்தி அன்று.

மூன்றாவது, அலுவல் மொழி. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு கடிதப் போக்குவரத்து நடத்த இடமளிக்கிறது. தேவிகுளத்துத் தமிழர்க்கும் மஞ்சேசுவரத்துக் கன்னடர்க்கும் உரிமை தருவது ஒரே சட்டமே என்பது தமிழ் வாசகர் நினைவிற் கொள்ளத்தக்கது. துளுவிற்கு அச்சட்டத்தில் இடமில்லை. எட்டாவது அட்டவணையிலும் இல்லை. எனவே துளுவர் தம் உரிமையைக் கன்னடத்தின் வழியாகவே கேட்கவேண்டியுள்ளது.

நான்காவது, உறுதிமொழி. 2021இல் மஞ்சேசுவரத்தில் 745 வாக்குகள் வேறுபாட்டில் வென்ற முஸ்லிம் லீக் உறுப்பினர் ஏ. கே. எம். அஷ்ரப் கேரளச் சட்டமன்றத்தில் கன்னடத்தில் உறுதிமொழி ஏற்றார். சமிதியோடு தொடர்பற்ற கட்சியின் உறுப்பினர் அம்மொழியைத் தேர்ந்தமை, கன்னடம் ஒரு பிரிவினரின் கொடியாக அன்றித் தொகுதியின் பொதுவுடைமையாகவும் நிற்கக்கூடும் என்பதைக் காட்டுகிறது.

7. முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பின்வரும் கருத்துகளைப் பெறலாம். மொழிச் சிறுபான்மையின் வலிமை, அதனை எந்த அலகில் எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. வட்டம், ஆற்றின் வடகரை, சட்டமன்றத் தொகுதி, மக்களவைத் தொகுதி ஆகிய நான்கும் ஒரே மக்களைப் பற்றி நான்கு விடைகளைத் தருகின்றன. மக்களவைத் தேர்தல் முடிவுகளை மட்டும் கொண்டு காசர்கோட்டில் மொழிச் சிக்கல் இல்லை எனக் கூறுவது எவ்வளவு பிழையோ, மஞ்சேசுவரத்தின் முடிவுகளை மட்டும் கொண்டு தொகுதி முழுவதும் எல்லை மாற்றம் வேண்டியது எனக் கூறுவதும் அவ்வளவு பிழையே.

இது நடைமுறைக்கும் உரிய கருத்தாகும். 1956ஆம் ஆண்டில் நடுவண் அரசு வெளியிட்ட மொழிச் சிறுபான்மைப் பாதுகாப்புக் குறிப்பாணை, ஒரு பகுதியில் சிறுபான்மையினர் 15 முதல் 20 விழுக்காடு இருப்பின் முக்கிய அரசு அறிவிப்புகளை அவர்கள் மொழியிலும் வெளியிடலாம் என்றது. ‘பகுதி’ என்பதற்கு மாவட்டம் எனப் பொருள் கொண்டால் ஒருவர்க்கு அறிவிப்பு தம் மொழியில் கிடைக்காமற் போகலாம். ஊராட்சி எனப் பொருள் கொண்டால் கிடைக்கலாம். ஆகவே எல்லைப்புறங்களின் மொழிநிலையை ஆராய்வோர் மாவட்ட அட்டவணையோடு அமையாது வாக்குச்சாவடி அளவிற்கு இறங்கிக் காணவேண்டும். வீட்டில் துளுவும், பள்ளியில் கன்னடமும், அலுவலகத்தில் மலையாளமும் வழங்கும் ஒருவரின் மொழி எது என்னும் வினாவிற்கு ஒரு சொல்லில் விடை பெறும் முறையையும் நாம் மறு ஆய்வு செய்தல் வேண்டும்.