நெஞ்சொடு கிளத்தலும் தகவின்மை உணர்வும்: கடலூர், சிதம்பரப் பகுதி அருளாளர் வாக்குவழி ஓர் ஆய்வு

ஒருவர் தாம் எய்திய நிலைக்குத் தாம் தக்கவர் அல்லர் என்றும், பிறர் தம்மை மதிப்பது தம் நடிப்பால் விளைந்த மயக்கமே என்றும், அம் மயக்கம் தெளியும் நாள் அணித்தே உள்ளது என்றும் கருதி உள்ளூர அஞ்சும் நிலை ஒன்று உண்டு. இதனை ஈண்டுத் 'தகவின்மை உணர்வு' எனக் குறிக்கின்றோம். 1978ஆம் ஆண்டில் பாலின் கிளான்சு, சுசான் ஐம்சு என்னும் அமெரிக்க உளநூலார் இருவர், உயர்ந்த தேர்ச்சி பெற்ற மகளிரிடையே இவ்வுணர்வு மிக்கிருத்தலைக் கண்டு எழுதினர். அன்று தொட்டு அது உளநூலில் தனிப் பொருளாக ஆராயப்பட்டு வருகின்றது. ஆயின் இவ்வுணர்வு புதிதன்று. தமிழ்ப் பத்திப் பனுவல்களில் இதன் முழு உருவமும் காணக்கிடக்கின்றது. இதனைக் கடந்த வழியும் அவற்றிலேயே அமைந்துள்ளது. கடலூர், சிதம்பரம் ஆகிய இரு நகர்களையும் அவற்றைச் சூழ்ந்த நாட்டையும் சார்ந்து வாழ்ந்த அருளாளர் சிலர்தம் வாக்குகளைக் கொண்டு அதனை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இலக்கண மரபு

நெஞ்சை வேறாக நிறுத்தி அதனொடு பேசுதல் தமிழில் தொன்றுதொட்டு வரும் மரபு. தொல்காப்பியப் பொருளியல், நோயும் இன்பமும் மிக்க நிலையில் நெஞ்சினை உறுப்புடையது போலவும், உணர்வுடையது போலவும், மறுத்துரைப்பது போலவும் வைத்துக் கூறுதல் உண்டு என்கின்றது. 'மறுத்துரைப்பது போல' என்றமையான், நெஞ்சு கேட்கும் பொருள் மட்டுமன்று, விடை கூறும் பொருளும் ஆயிற்று. அகப்பாட்டுகளில் தலைமகன் தன் நெஞ்சிற்குச் சொல்லியனவாக வருவன பல. திருவள்ளுவர் 125ஆம் அதிகாரத்தை 'நெஞ்சொடு கிளத்தல்' என்றும், 130ஆம் அதிகாரத்தை 'நெஞ்சொடு புலத்தல்' என்றும் வகுத்தார். முன்னதில் தலைவி தன் நோய்க்கு மருந்து ஆராயுமாறு நெஞ்சைத் துணையாகக் கொள்கின்றாள். பின்னதில் அதனொடு பிணங்குகின்றாள். தன்னொடு தான் பேசுதல், துணையாகப் பேசுதல் என்றும் பகையாகப் பேசுதல் என்றும் இரு கூறுபடும் என்பதை இவ்விரு தலைப்புகளே புலப்படுத்தும்.

இதனினின்று வேறாய அவையடக்கத்தையும் ஈண்டு நினைதல் வேண்டும். வல்லமையின்றிக் கூறினும் ஏற்றுக்கொள்க என அவையை வேண்டும் அவையடக்கியலைச் செய்யுளியல் கூறுகின்றது. அது பிறர் முன் நின்று கூறும் பணிமொழி. அதன் பின்னே நூல் தடையின்றி நடக்கும். தகவின்மை உணர்வோ பிறர் அறியாதவாறு உள்ளே நின்று, நூலைத் தொடங்கவும் விடாது தடுப்பது. இவ்விரண்டனையும் ஒன்றாகக் கொள்ளுதல் பொருந்தாது.

2. திருப்பாதிரிப்புலியூரும் திருநாவுக்கரசரும்

கடலூரின் ஒரு பகுதியாய திருப்பாதிரிப்புலியூர், திருநாவுக்கரசர் வாழ்வில் இருமுறை திருப்பம் செய்த ஊர். கி.பி. 7ஆம் நூற்றாண்டினராய அவர் சமண் சமயம் புக்குத் தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை பெற்றிருந்ததும், சூலை நோயால் நைந்து தமக்கையார் திலகவதியாரை நாடித் திருவதிகைக்குப் போந்ததும், பின்னர்க் கல்லொடு பிணித்துக் கடலில் இடப்பட்டு இவ்வூர்க் கரையில் ஏறியதும் பெரியபுராணம் கூறும் செய்திகள். தலைமை பெற்ற ஒரு நெறியைத் துறந்து மற்றொரு நெறியில் அடியாராகப் புகுந்தவர் அவர். கழிந்த காலத்தை எண்ணி அவர் வருந்தும் இடங்கள் தேவாரத்திற் பல.

அவருடைய தனித் திருத்தாண்டகம் ஒன்றில், குலம், குணம், குறி யாவற்றாலும் தாம் பொல்லேன் என அடுக்கிக் கூறி, எதற்காகப் பிறந்தேன் என வினவி முடிக்கும் பாட்டொன்று உளது. தன்னைத் தான் பழித்தலின் எல்லை இதுவே எனலாம். ஆயின் அதற்கு முன்னுள்ள பாட்டு, தாம் செய்த பிழை அனைத்தும் இறைவனால் பொறுக்கப்பட்டன எனக் கூறுகின்றது. அதன் பின்னுள்ள பாட்டோ, நோயுற்று அழுகிய உடம்பினரும் இழிகுலத்தார் எனப்படுவோரும் இறைவனுக்கு அன்பராயின் அவரே தாம் வணங்கும் கடவுளாவர் என முழங்குகின்றது. குலத்தால் தாம் பொல்லேன் என்ற வாயே, குலம் அளவுகோல் அன்று என அடுத்த பாட்டில் உரைத்தலை நோக்குக. இடைநின்ற பாட்டினை மட்டும் பிரித்தெடுத்து அவர்தம் தன்மதிப்பீடு இதுவெனக் கூறுவார், பதிகத்தின் நடையைத் தவற விட்டவராவர்.

திருவாரூர்த் திருத்தாண்டகம் ஒன்றில் இவர் நெஞ்சை விளித்து வருமாறு அழைக்கின்றார். நிலைபேறு வேண்டின் செய்யத் தக்கது யாது என அதற்கு உரைக்குங்கால் அவர் கூறுவன பெருஞ்செயல்கள் அல்ல. பொழுது புலரும் முன் கோயில் புகுதல், அலகிடுதல், மெழுகுதல், பூமாலை புனைதல், புகழ்ந்து பாடுதல் என்பனவே அவை. நீ தக்கையோ தகாயோ என்னும் வினாவே அங்கு இல்லை. இன்று காலை இயன்ற பணி இது என்பதே உண்டு. உழவாரப் படையைக் கையிற் கொண்டவரிடத்து இத்தகைய அறிவுரை தோன்றியது இயல்பே.

3. தில்லையும் மாணிக்கவாசகரும்

தகவின்மை உணர்வின் நுண்ணிய கூறுகள் யாவும் திருச்சதகத்தில் உள. அடியார் கூட்டத்துட் புகவே தாம் தகுதியற்றவர் என்றும், அங்ஙனமாகவும் இறைவன் தம்மை ஆட்கொண்டது தகுமோ என்றும் மாணிக்கவாசகர் வினவுகின்றார். 'அறிவுறுத்தல்' என்னும் பகுதியின் தொடக்கத்தே, அடியாரைப் போல நாடகத்தால் நடித்து, அவர் நடுவே வீடு புக விரைகின்றேன் எனத் தம்மைத் தாமே காட்டிக் கொடுக்கின்றார். தகவிலார் தக்கார் நடுவே வேடமிட்டு நிற்றல் என்னும் இவ்வுவமை, அண்மைக்கால உளநூலார் கூறும் இலக்கணத்தோடு வேறுபாடின்றிப் பொருந்துதல் வியப்பிற்குரியது. 'ஆத்தும சுத்தி'யில் அவர் தம் நெஞ்சினை உயிரற்ற பிணம் என்றே விளித்து, ஆடுகின்றிலை, பாடுகின்றிலை எனக் குற்றங்களை அடுக்குகின்றார். இது வள்ளுவர் கூறிய புலத்தலினும் கடிது.

இவ்வாக்குகளை உண்மை வரலாறாகக் கொண்டு அடிகளைக் குறையுடையார் என முடிப்பாரும் உளர். உலகினர் இழிவைத் தம்மேல் ஏற்றிப் பாடினார் என அமைதி கூறுவாரும் உளர். முன்னது அவர் பெருமைக்குப் பொருந்தாது. பின்னது அவர் துயரை வெறும் நடிப்பாக்கி விடுகின்றது. துயரும் உண்மை, அது கடக்கப்பட்டதும் உண்மை எனக் கொள்ளுதலே பாட்டிற்கு இயைந்த நெறி என்பது எம் கருத்து. தில்லைக்குரியனவாகக் கொள்ளப்படும் கண்ட பத்தும் அச்சோப் பதிகமும் இதற்குச் சான்று. அச்சோப் பதிகத்திலும் முன்னைய அறியாமை கூறப்படுகின்றது. மூர்க்கரொடு திரிந்தமை மறைக்கப்படவில்லை. ஆனால் 'இது தகுமோ' என்ற வினா, 'இப்பேறு பெற்றவர் யார்' என்னும் வியப்பாக மாறிவிடுகின்றது. சான்று அதுவே, தீர்ப்பு மட்டும் வேறு. தகுதியால் பெற்றது எனக் கருதின், தகுதியின்மை வெளிப்படுமோ என அஞ்சுதல் வேண்டும். கொடையாகப் பெற்றது எனக் கண்டவர்க்கு அவ்வச்சம் இல்லை.

4. காட்டுமன்னார்கோயில் வழிவந்த மரபு

நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்தவராகப் போற்றப்படும் நாதமுனிகள் தோன்றிய வீரநாராயணபுரம், இன்று கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயிலாக உள்ளது. அவர் தேடிப் பெற்ற நம்மாழ்வார் திருவாய்மொழியிலும் இப்பொருள் உண்டு. முதற் பத்தின் ஐந்தாம் திருவாய்மொழியில், இறைவனைப் பாடத் தாம் தாழ்ந்தவர் என எண்ணி ஆழ்வார் அகன்று நிற்கின்றார். உரையாசிரியர் இதனை நைச்சியாநுசந்தானம் என வழங்குவர். அதே பத்தின் பத்தாம் திருவாய்மொழியில் அவர் தம் நெஞ்சை நல்லை எனப் பலகாற் பாராட்டி, உன்னைத் துணையாகப் பெற்றபின் நமக்குக் குறையாது என மகிழ்கின்றார். தன் நெஞ்சினை நன்றியோடு பாராட்டும் வாக்குகளுள் இதற்கு மேம்பட்டது அரிது. தாழ்வு கூறிய அவரே இதனையும் கூறினார் ஆதலின், பணிவும் நெஞ்சிற்குக் காட்டும் பரிவும் தம்முள் மாறுபடா என்பது பெறப்படும்.

5. இராமலிங்க அடிகள்

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823ஆம் ஆண்டு பிறந்த இராமலிங்க அடிகள், இம்மரபினை விரித்தவர். இவர் இயற்றிய 'நெஞ்சறிவுறுத்தல்' 703 கண்ணிகளால் ஆயது. 'நெஞ்சைத் தேற்றல்' எனத் தலைப்புப் பெற்ற பதிகமும் திருவருட்பாவில் உண்டு. அறிவுறுத்தலும் தேற்றுதலும் ஒருவர் வாக்கிலேயே அருகருகே அமைந்தன. தம் பாடல்களை அச்சிட அவர் எளிதில் இசைந்தாரல்லர். இறுக்கம் இரத்தின முதலியார் முதலிய அன்பர்கள் பல ஆண்டுகள் வற்புறுத்திய பின்னரே, 1867ஆம் ஆண்டில் தொழுவூர் வேலாயுத முதலியார் பதிப்பாக முதல் நான்கு திருமுறைகள் வெளிவந்தன. 'இராமலிங்கசாமி' என்னும் பெயர் ஆரவாரமாகத் தோன்றுதலின் அதனை வழங்க வேண்டா என அவர் மடலில் எழுதினார். ஆயினும் அதே 1867ஆம் ஆண்டில் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்க அவர் தயங்கவில்லை. பெயரை விலக்கினார், பணியை விலக்கினாரல்லர்.

1873ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 22ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் ஆற்றிய பேருபதேசத்தில், தமக்கு முன்பு சைவ சமயத்திலிருந்த அளவற்ற பற்றினை எடுத்துரைத்து, அக்காலத்துத் தம் அறிவு சிறிதாக இருந்தது எனக் கூறினார். தம் பழைய பாடல்களையே அதற்குச் சான்றாகக் காட்டினார். கடந்த நிலையை மறைத்தலும் இல்லை, இகழ்ந்து ஒறுத்தலும் இல்லை; வளர்ந்த ஒருவர் தம் இளமையைக் காணும் கண்ணே அங்கு உள்ளது.

6. ஒரு தடையும் விடையும்

இங்ஙனம் கூறுங்கால், ஐயம் முழுதும் நெஞ்சின் பிழையே, அதனொடு இன்சொற் பேசினால் போதும் என்னும் முடிபு தோன்றக்கூடும். தில்லை வரலாறே அதனை மறுக்கின்றது. சேக்கிழார் கூறும் திருநாளைப்போவார், தில்லை செல்ல விழைந்தும், தம் பிறப்பை எண்ணி ஒருப்படாது, நாளைப் போவேன் என நாள் கழித்தார். சென்றபின்னும் ஊர்ப்புறத்தை வலம் வந்து நின்றார். அவர் தயக்கம் உள்ளத்திற் பிறந்தது அன்று. உலகம் அவர் உள்ளத்தில் வைத்தது. தகவிலன் எனப் பிறர் பலகாற் சொன்ன சொல்லே, தன் சொல்லாக உள்ளே ஒலிக்கின்றது. அத்தகைய இடத்து நெஞ்சைத் தேற்றுதல் மட்டும் அமையாது. வாயிலைத் திறத்தலும் வேண்டும். 1916ஆம் ஆண்டில் சுவாமி சகசானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயராற் கல்விக் கழகம் நிறுவியது இவ்வுண்மையை உணர்ந்த செயலாகும். 'நாளை' என்ற சொல்லுக்கு விடை ஒரு பள்ளிக்கூடமாக அமைந்தது.

7. முடிபு

அண்மைய ஆய்வுகள் இருவகையில் இம்மரபிற்கு அரண் செய்கின்றன. 2003ஆம் ஆண்டில் கிறிசுட்டின் நெஃப் என்பார், தன்பால் பரிவு என்பது தன்னிடம் இன்சொல், துன்பம் மக்கட்குப் பொது என்னும் உணர்வு, மிகையின்றி நோக்கும் விழிப்பு என மூன்று கூறுடையது என வகுத்தார். 2014ஆம் ஆண்டில் ஈதன் கிராசு முதலியோர், அவை முன் பேச நேர்ந்தோர் தம்மை 'நான்' எனக் கருதாது 'நீ' என்றோ தம் பெயராலோ விளித்து எண்ணியபோது கலக்கம் குறைந்தது எனக் கண்டனர். தன்னை முன்னிலையாக்கி நோக்கும் இவ்வழியை நம் முன்னோர் இலக்கணத்திலேயே வைத்தனர். எனினும் ஆணவம் நீங்குதலை நாடிய அருளாளர் நோக்கமும், அச்சம் நீங்குதலை நாடும் உளநூலார் நோக்கமும் ஒன்றல்ல. வழி ஒத்திருத்தலின் முடிவும் ஒக்கும் எனக் கூறுதல் மிகையாம்.

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. நெஞ்சின் குற்றச்சாட்டு ஒரு பாட்டேயன்றி முழுப் பதிகம் அன்று; முன்னும் பின்னும் உள்ளவற்றோடு சேர்த்தே அதற்குப் பொருள் காணல் வேண்டும். நெஞ்சிற்குத் தரத்தக்கது வெறும் புகழ்ச்சி அன்று. அன்றாடம் இயன்ற பணியும் அதனொடு கூடிய இன்சொல்லும் ஆம். தயக்கம் பிறர் இட்ட தடையாயின், அதனை நெஞ்சின்மேல் ஏற்றாது தடையின்மேலேயே ஏற்றுதல் வேண்டும்.

1929ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றிய நாள் முதல், தம் குடியில் முதன்முதலாக உயர்கல்வி பெறுவோர் பலர் சிதம்பரத்திற்குப் போந்து கற்கின்றனர். ஆய்வேட்டின் முதற் பக்கத்தை எழுத அஞ்சி, இவ்வவையில் எமக்கு இடமுண்டோ என உள்ளே வினவுவார் அவருள் இலராகார். அவ்வினா அறியாமையின் அடையாளம் அன்று. திருச்சதகம் பாடியவரும் அதனை வினவினார். அவர் வினவியதோடு நில்லாது மேலும் பாடினார் என்பதே நாம் அவரிடமிருந்து கற்கத்தக்கது.